தானாகத் திறந்த டிக்கி

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது டிக்கியின் விளிம்பில் இருந்த இரத்தம். வெள்ளை அம்பாசடர் என்பதால் தெளிவாகத் தெரிந்தது. பூட்டுக்குக் கீழே, நம்பர் பிளேட்டுக்கு வலப்பக்கமாக நான்கு சொட்டும் விரல் தேய்த்த ஓர் இழுப்பும்.

கார் இராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் என் அக்காளின் கணவர். இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "காப்பி இருக்கா மாப்ள?" என்றார்.

"கையில என்ன அத்தான்?"

"எந்தக் கையில?"

வலது கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் நகத்துக்குப் பின்னால் கிழிந்திருந்தன. இரத்தம் மணிக்கட்டு வரை வந்து காய்ந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர இருபது நிமிடமாவது ஆகும். அவ்வளவு நேரமும் அந்தக் கையால்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார். ஸ்டீயரிங்கிலும் கறை இருந்தது.

"கெளம்பும்போது டிக்கி விழுந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. கையில விழுந்துச்சுன்னு தெரியலயே" என்றார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது. விரலைக் கழுவி, துணி சுற்றி, காப்பி குடித்தார். முகம் சுளிக்கவில்லை. சுளிக்க அவருக்குக் காரணம் இல்லை. அந்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி போய் ஓர் ஆண்டு ஆகியிருந்தது.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. நான் அப்போது மதுரையில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு இராஜபாளையம் பகுதி நேர நிருபர். அத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலைய வாசலில் இருந்த கார் ஸ்டாண்டில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு, சேத்தூர்ப் பக்கம் ஸ்கூட்டரில் போனபோது, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்பியிருந்த உளுந்துச் செடியில் சக்கரம் வழுக்கி விழுந்தார். வலது தோள் முறிந்தது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. கை நெஞ்சுக்கு மேலே எழாது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கும், திருப்பும். தூக்காது.

இது அக்காளுக்கும் எனக்கும் அவருடைய அண்ணனுக்கும் எலும்பு கூட்டிய மதுரை டாக்டருக்கும் தெரியும். ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவர் ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த தன் அண்ணன் வீட்டில் இருந்தார். காலில் சிராய்ப்பு என்று ஸ்டாண்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் ஸ்டாண்டின் வழக்கம். ரயிலிலிருந்து இறங்கி வரும் பயணியை வரிசையில் முதலில் நிற்கும் கார்தான் ஏற்றும். பெட்டியை ஓட்டுநரே தூக்கி வைக்கவேண்டும். வைக்க முடியாதவன் முறையை விட்டுக்கொடுக்கவேண்டும். காய்ச்சல், முதுகு பிடிப்பு என்று ஒருநாள் இரண்டு நாள் விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. நாள்தோறும் விட்டுக்கொடுப்பவனுக்கு வரிசையில் இடம் இல்லை. எழுதி வைத்த விதி அல்ல. எழுதி வைத்தவற்றைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பெட்டியை அவர் இடது கையால் தூக்கிவிடுவார். சிக்கல் மூடியில் இருந்தது. அந்தக் காரில் சாவியைத் திருப்பி, பிடியை அழுத்தி, மூடியைத் தலைக்கு மேலே தூக்கவேண்டும். தூக்கிய மூடி தானாக நிற்காது. ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் உள்ளேயிருக்கும் முட்டுக்கம்பியை எடுத்து அதன் துளையில் மாட்டவேண்டும். ஒற்றைக் கையால் தூக்கலாம், மாட்ட முடியாது. அவர் தலையால் முட்டுக்கொடுத்துப் பழகியிருந்தார். ஸ்டாண்டில் கேள்விகள் வரத் தொடங்கின. பீடியைக் காதில் செருகிக்கொள்ளும் ஓர் ஓட்டுநர், "என்னண்ணே, டிக்கிக்குள்ள தலைய விட்டு என்ன தேடுதிய? பொண்டாட்டிய ஒளிச்சு வச்சிருக்கியளா?" என்று கேட்டாராம். அத்தான் இதைச் சிரிக்காமல் என்னிடம் சொன்னார்.

இராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். பதினைந்து ஆண்டுகள் நூற்பாலையில் பிட்டராக இருந்துவிட்டுத் தனியாகப் பட்டறை போட்டவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அன்று காலையே காரை அங்கே கொண்டுபோனோம்.

அத்தான் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது மார்பு வரை வந்து நின்றது.

"இதுக்கு மேல போகாது. டிக்கி தானாத் தொறக்கணும். நான் சீட்ட விட்டு எறங்குறதுக்குள்ள தொறந்து நிக்கணும்."

மெக்கானிக் கையைப் பார்க்கவில்லை, டிக்கியைப் பார்த்தார். "அவுனு, அவுனு" என்று தலையாட்டினார். "மில்லுல மெஷின் நின்னாத்தான் மூடி தொறக்கும். இது அம்புட்டு கஷ்டமில்ல. தொறக்க வச்சிரலாம். மெதுவாத் தொறக்க வைக்கதுதான் கஷ்டம்."

"யார்ட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார் அத்தான்.

"நான் யார்ட்ட சொல்லப் போறேன்? எனக்கு ஸ்பானர்ட்ட பேசவே நேரம் பத்தல."

வேலை மூன்று நாள் நடந்தது. செய்திக்குப் போகும் வழியில் தினமும் நின்று பார்த்தேன். பூட்டின் நாக்கிலிருந்து ஸ்கூட்டரின் கிளட்ச் கேபிளைத் தரைக்கம்பளத்துக்கு அடியில் இழுத்து, ஸ்டீயரிங்குக்கு இடதுபக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழில் கட்டினார். இடது கையால் இழுப்பதற்காக. மூடியின் இரு கீல்களிலும் ஆலைப் பழைய இரும்புக் கடையில் எடுத்த கனமான சுருள்வில்களை மாட்டினார். முதல்முறை குமிழை இழுத்தபோது மூடி ஒரு விநாடிக்குள் எழுந்து பின்கண்ணாடியின் ரப்பரில் மோதியது. எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

"சொன்னேன்ல?" என்றார் மெக்கானிக். அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாம் நாள் ஒரு சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவந்தார். அதற்குள் இருந்த தோல் வாஷரை எடுத்துத் திருப்பிப் போட்டார். பம்ப்பின் அடியை டிக்கித் தரையிலும் கைப்பிடியை மூடியிலும் பொருத்தினார். வில் மூடியைத் தள்ளும், பம்ப்புக்குள் அடைபட்ட காற்று அதைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி விடும். முதலில் மூடி பாதியில் நின்றுவிட்டது. தோலுக்கு விளக்கெண்ணெய் விட்டார். பதினான்கு விநாடி ஆனது. மேலும் விட்டார். மூன்றாம் நாள் மாலை என் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஐந்து தடவை இழுத்ததில் நான்கு தடவை ஒன்பது விநாடி, ஒரு தடவை பத்து. மூடி பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தத்துடன் எழுந்து நின்றது.

"மூடுறது?" என்று அத்தான் கேட்டார்.

"மூடுறதுக்கு என்ன, பாரம்தான வேணும்? திரும்பி நின்னு உக்காருங்க."

அத்தான் திரும்பி, மூடியின் விளிம்பை இடது கையால் இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தார். பூட்டு விழுந்தது. அவர் எழுந்து, மறுபடி ஓட்டுநர் இருக்கைக்குப் போய்க் குமிழை இழுத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார். திறந்திருந்தது. அதை ஏழெட்டு முறை செய்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காதின் மடல் மட்டும் சிவந்திருந்தது.

ஸ்டாண்டில் பெரிய பரபரப்பு. பயணி வந்து நிற்கும்போது அத்தான் குமிழை இழுத்துவிட்டு இறங்குவார். அவர் பின்னால் வருவதற்குள் மூடி எழுந்திருக்கும். இடது கையால் பெட்டியை எடுத்து வைத்து, மூடியின்மேல் உட்கார்ந்து எழுவார். மூடுவதற்கு உட்காருவதும் ஒரு தோரணையாகவே தெரிந்தது.

"ஏலே, உள்ளேருந்து எவனோ தள்ளுதான் பாரு."

"அண்ணே, அவனுக்கு படி எம்புட்டு குடுக்கிய?"

"படி எதுக்கு? பொணம் மாதிரி படுத்துக் கெடக்கான், தள்ளுறது மட்டுந்தான் வேல."

பீடி ஓட்டுநர் ஒருநாள் காரைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, "எதுக்குண்ணே இது?" என்று கேட்டார். அத்தான், "ஸ்டைலுக்குத்தான். பாரின் கார்ல எல்லாம் இப்பிடித்தான்" என்றார். அதன்பின் யாரும் கேட்கவில்லை. அக்காள் என்னிடம், "இப்பத்தான் தம்பி ஒழுங்காத் தூக்கம் வருது" என்றாள். அவர் தூங்குவதைச் சொன்னாளா, தான் தூங்குவதைச் சொன்னாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து, செய்தி கிடைக்காத ஒரு வாரம் வந்தது. மழை இல்லை, விபத்து இல்லை, கூட்டம் இல்லை. மதுரையிலிருந்து பெட்டிச் செய்தி ஏதாவது வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன்.

"டிக்கியப் பத்தி எழுதவா அத்தான்? மெக்கானிக்குக்கு நல்லது."

சற்று நேரம் சோற்றைப் பிசைந்தார். "எழுதேன். ஸ்டைலுக்குன்னு எழுது. என் பேரு வேண்டாம்."

ஐந்து வாக்கியங்கள் எழுதினேன். என்ன செய்திருக்கிறார், எங்கே, எந்தெந்தப் பொருட்களைக் கொண்டு, எத்தனை விநாடி, பார்த்தவர்கள் வியப்பு. வழக்கம்போல் கவரை மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். மறுநாள் மதியம் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அழைப்பு வந்தது. செய்திப் பிரிவில் இருந்தவர் எனக்கு மூத்தவர். வேகமாகப் பேசுவார்.

"நல்லாருக்குய்யா. ஆனா ஏன்னு இல்லயே. யாரு, என்ன, எங்க, எப்ப எல்லாம் இருக்கு. ஏன் இல்ல."

"ஸ்டைலுக்குத்தான் சார்."

"ஸ்டைலுக்குன்னா அது விளம்பரம். செய்தி இல்ல. ஏதாவது காரணம் இருக்கும்ல? சொல்லு, பக்கம் போட்டுக்கிட்டு இருக்கேன்."

பூத்தின் கண்ணாடிக்கு வெளியே காடாத்துணி ஏற்றிய ஒரு மாட்டுவண்டி திரும்ப முடியாமல் நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டினார். "வலது கையை உயர்த்த இயலாத வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவருக்காக இதை உருவாக்கியதாக மெக்கானிக் தெரிவித்தார்."

"சரிதானா?"

"சரி சார்."

பெயர் இல்லை, ஊர் இல்லை. யார் என்பதை எடுத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிட்டதாக எங்கள் தொழிலில் நம்புவோம். நானும் நம்பினேன். இரண்டு ஊர்களிலும் அப்படி ஒரு டிக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பது, ரிசீவரை வைத்துவிட்டு பூத்துக் கதவைத் திறக்கும்போது தோன்றியது. மறுபடி உள்ளே போகவில்லை. வரிசையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

செய்தி மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. காலையில் ஸ்டாண்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த மூன்று பேர் வெவ்வேறு நாட்களில் சொன்னதை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் பத்திரிகையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம். அன்று வாசித்தவர் பீடி ஓட்டுநர். டிக்கி என்று வந்ததும் எல்லாரும், "ஏய், நம்ம வண்டிய்யா" என்று கூச்சல் போட்டார்கள். அத்தானுக்கு யாரோ ஒரு டீ சொன்னார். ஐந்தாவது வாக்கியம் பார்த்தவர்களின் வியப்பைப் பற்றியது. ஆறாவதை வாசித்துவிட்டு வாசித்தவர் நிறுத்தினார்.

"அதத் திரும்ப வாசி" என்றார், வரிசை முறையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த ஓட்டுநர்.

திரும்ப வாசித்தார்.

"கையத் தூக்குங்க பாப்போம்" என்று மூத்தவர் அத்தானிடம் சொன்னார்.

"எதுக்கு?"

"சும்மா தூக்குங்க. நம்ம ஆளுகதான."

அத்தான் இடது கையைத் தூக்கினார். யாரோ சிரித்தார்.

"அது இல்ல. அந்தக் கை."

வலது கையைத் தூக்கினார். சட்டையின் இரண்டாவது பட்டன் வரை வந்ததாக ஒருவர் சொன்னார். மூன்றாவது பட்டன் என்று இருவர் சொன்னார்கள்.

யாரும் சத்தம் போடவில்லை. மூத்தவர், "முன்னமே சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு, "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஸ்டாண்டு பேருதான் கெடும். டாக்டர்ட்ட ஓட்டலாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க. பொறவு பாப்போம். நாங்க ஒண்ணும் வெரோதமில்ல" என்றார். அப்போது அத்தானின் கார்தான் வரிசையில் முதலில் நின்றது. டிக்கி திறந்திருந்தது, உள்ளே ஒரு பயணியின் பெட்டி ஏற்கனவே இருந்தது. அதை எடுத்து அடுத்த காரில் வைத்தார்கள். பயணி ஒன்றும் புரியாமல் அந்தக் காரில் ஏறிப்போனார். அத்தான் தன் டிக்கியின்மேல் உட்கார்ந்து அதை மூடினார். டீ அப்படியே இருந்தது என்பதில் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பத்தரை மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். பத்திரிகை கையில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதை நான்காக மடித்தார், விரித்தார், மடித்தார்.

"மெக்கானிக் தெரிவித்தாருன்னு போட்டிருக்கு. அவரு எப்ப மாப்ள தெரிவிச்சாரு?"

"தெரிவிக்கல."

"பொறவு?"

"அப்பிடித்தான் எழுதுறது."

"ஓ." பத்திரிகையை மறுபடி மடித்துக்கொண்டே, "அந்த ஒரு வரி எதுக்கு?" என்றார்.

"மதுரையில ஏன்னு கேட்டாக."

"அப்பிடியா" என்றார். காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். குடித்தார். வாசலுக்குப் போய் காரைத் துடைக்கும் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினார். நான் ஏதாவது உணர்ந்திருக்கவேண்டும். என்ன உணர்ந்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வாசலில் எண்ணெய் சொட்டியிருந்ததும், அதைச் சாம்பல் போட்டுத் துடைக்கவேண்டும் என்று நினைத்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

மாலையில் மெக்கானிக் வந்தார். காலையில் அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தார். யாரோ கடைசி வரியையும் வாசித்துக் காட்டியபின் கிழித்துவிட்டாராம். "நான் சொல்லலியே. நான் சொல்லலன்னு அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அதன்பின் என் மொபெட்டை அவரிடம் விடவில்லை. அவரும் கேட்கவில்லை.

டாக்டர் எழுதித் தரவில்லை. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர், பிறகு மதுரையில் எலும்பு கூட்டிய அதே டாக்டர். இரண்டு பேரும் கையைத் தூக்கச் சொன்னார்கள். வாடகை வண்டி ஓட்டுவதற்கான உரிமத்தை அத்தான் புதுப்பிக்கவில்லை. கார் மூன்று மாதம் வீட்டு முன்னால் நின்றது. அந்த மூன்று மாதத்தில் நான் பலமுறை போனேன். அக்காள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாள். முன்பெல்லாம் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். இப்போது பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து அந்த இரண்டு விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருப்பார். வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன்.

"வலிச்சா நல்லாருக்கும்ல" என்றார்.

பிறகு காரை விற்றார். இராஜபாளையத்தில் மருத்துவத் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் வாசல் காவலுக்குச் சேர்ந்தார். லாரி வரும்போது கேட்டைத் திறக்கவேண்டும், போனபின் மூடவேண்டும். சக்கரம் வைத்த கேட். இடது கையால் தள்ளலாம். பல ஆண்டுகள் அங்கே இருந்தார். நாங்கள் பேசாமல் இருந்ததில்லை. தேர்த் திருவிழா, பஸ் நேரம், அக்காளின் சர்க்கரை, எல்லாம் பேசினோம்.

அடுத்த ஆண்டு ஒருநாள் மதுரையிலிருந்து ரயிலில் வந்தேன். அக்காள் வீட்டுக்குப் போவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. வரிசையில் முதலில் நின்றது அந்த வெள்ளை அம்பாசடர். அதை வாங்கியிருந்தவர் பீடி ஓட்டுநர். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "வாங்க சார், எங்க போகணும்?" என்று கேட்டார். தெருவைச் சொன்னேன். உட்கார்ந்தபடியே இடது கையை டேஷ்போர்டுக்குக் கீழே விட்டு எதையோ இழுத்தார். காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தார். நான் காருக்குப் பின்னால் போய் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூடி எழுந்து நிற்க ஒன்பது விநாடி ஆனது.